கற்றவர் பட்ட கடன்

ஏழை நாட்டில் பல்கலைக்கழகம் எழும்புவது, பள்ளிப் படியே மிதியாத உழவரின் உழைப்பில். அக்கடனைப் பட்டதாரி எங்ஙனம் தீர்ப்பது?

தான்சானிய அரசு பட்டதாரிகளுக்குத் தேசியப் பணியைக் கட்டாயமாக்கி, அக்காலத்தில் குறைந்த ஊதியமே தரும் என்றது. 1966 அக்டோபரில் மாணவர்கள் அதை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். தலைவர்களின் உயர்ந்த சம்பளத்தையும் சுட்டிக்காட்டினர். ஆசிரியராயிருந்து குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே, ஏறத்தாழ 400 பேரைக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார். ஆயினும் அவர்களது குற்றச்சாட்டைத் தள்ளிவிடாமல், தம் சம்பளத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டார்.

தண்டனை மிகையென்று நாம் கருதலாம். ஆனால் கற்றோரிடம் தியாகம் கேட்பவர் தாமே அதில் முந்திக்கொள்ள வேண்டும் என்பதை மறுப்போமா? பிள்ளைகளைப் பெரும் படிப்புக்கு அனுப்பும் நாம், பிறருக்கென எதை விட்டுக்கொடுத்து அவர்களுக்குக் காட்டியுள்ளோம்?