சிவஞானம் என்னும் பிள்ளைப்பெயர்

பிறந்த மகவுக்குப் பெற்றோர் இடும் பெயரால் அவ்வுயிர்க்கு ஆவதொரு பயன் உண்டோ, இன்றோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். உண்டெனின், நற்பெயர் பூண்டோர் யாவரும் நல்லோராதல் வேண்டும். உலகில் அங்ஙனம் காணப்படவில்லை. இன்றெனின், சைவ நூல்கள் நாமகரணத்தை ஒரு சடங்காக விதித்ததும், குரவர் தீக்கையிற் புதுப்பெயர் நல்குவதும் வீண்செயல்களாய் முடியும். இவற்றுள் உண்மை யாதெனத் தெளிதற்குச் சிவஞானம் என்னும் ஒரு பெயரையே சான்றாக எடுத்துக்கொள்ளுதல் தகும். அப்பெயர் நூலிலே தோன்றித் திருமடங்களிலே வளர்ந்து இல்லங்களிலே பரவியது. இன்று தொட்டில்களை விட்டு மெல்ல நீங்கிவருகின்றது.

சிவஞானம் என்னுந் தொடர் சிவத்தை அறியும் அறிவு எனவும், சிவத்தினது அறிவு எனவும் இருவகையாக விரியும். சித்தாந்த நூலார் ஞானத்தைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாகப் பகுப்பர். சொல்லாலும் கருவிகளாலும் வரும் அறிவு பாசஞானம். தன்னையே பொருளென மதித்து நிற்கும் உயிரறிவு பசுஞானம். திருவருள் உணர்த்த உணர்வது பதிஞானம். இம்மூன்றாவதே சிவஞானமாம். ஆகவே இப்பெயரில் ஒரு வியப்பு உளது. சொல்லின் அளவில் அடங்காத பொருள் ஈண்டு ஒரு சொல்லாகி, சொல்லே பேசத் தொடங்காத குழவியின்மேல் வைக்கப்படுகின்றது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் 12 சூத்திரங்களால் அருளிய முதனூல் சிவஞானபோதம் எனப் பெயர் பெற்றது. அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் இயற்றியது சிவஞான சித்தியார். இவ்விரு நூல்களாலும் இத்தொடர் தமிழ்நாட்டுச் சைவர் நாவிற் பயின்றது. மெய்கண்டாருடைய பெயர் வரலாறும் ஈண்டு நினைக்கற்பாலது. மகப்பேறு வேண்டித் திருவெண்காட்டில் வழிபட்டுப் பெற்றமையின், அத்தலத்து இறைவன் பெயரால் அவர்க்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெற்றோர் பெயரிட்டனர். பின்னர்ப் பரஞ்சோதி முனிவர், தம் குரவராகிய சத்தியஞான தரிசினிகளின் திருப்பெயரைத் தமிழாக்கி, மெய்கண்டார் என்னும் பெயரை நல்கினார் என்பது மரபு. முன்னையது பெற்றோர் செலுத்திய நன்றி. பின்னையது குருமரபு ஒப்படைத்த பொறுப்பு. இரண்டும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு வந்தன அல்ல. கண் கட்டப்பெற்ற மாணாக்கன் இட்ட மலர் எத்திருமுகத்தில் வீழ்கின்றதோ அதற்கேற்ப ஈசானசிவன், அகோரசிவன் எனத் தீக்கைப்பெயர் அமைப்பதும் இக்கருத்தினையே வலியுறுத்தும்.

நூற்பெயர் ஆட்பெயராக வழங்கிய இடங்களுள் பொம்மையார்பாளையம் தனிச்சிறப்புடையது. இவ்வூர் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது. பொம்மபுரம் எனவும் வழங்கப்பெறும். மயிலம் முருகன் திருக்கோயிலோடு தொடர்புடைய வீரசைவத் திருமடம் பொம்மபுர ஆதீனம் என்றே இவ்வூராற் பெயர் பெற்றது. அப்பீடத்தில் அமர்வோர் ஒருவர்பின் ஒருவராகச் சிவஞான பாலய சுவாமிகள் என்னும் ஒரே திருப்பெயரைத் தாங்கிவருகின்றனர். 1938-இல் மயிலத்தில் நிறுவப்பெற்ற தமிழ்க்கல்லூரியும் அப்பெயரையே உடையது. பாலன் என்பது குழந்தையைக் குறிக்குஞ் சொல். சிவகணத்தவராகிய சங்குகன்னரே பாலசித்தராய் வந்தார் என மயிலத்துத் தலவரலாறு கூறும். 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள், பொம்மபுரத்திலிருந்த சிவஞான பாலைய சுவாமிகளைப் போற்றித் தாலாட்டும் பிள்ளைத்தமிழும் இயற்றினார். ஞானாசிரியரைத் தொட்டிற் குழவியாக வைத்துப் பாடுதல் புலவர் மரபு. தொட்டிற் குழவியை ஞானாசிரியர் பெயரால் விளித்தல் இல்லத்தார் மரபு. இவ்விரண்டும் இப்பெயரில் ஒன்றுகூடுகின்றன.

பின்னர் விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கர் என்னும் பிள்ளைப்பெயருடன் வளர்ந்தவர், திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு சிவஞான முனிவர் ஆயினார். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டு 1785-இல் இறைவன் திருவடி எய்தினார் அவர். இங்ஙனம் நூலும் மடமும் உரையும் ஒன்றுசேர்ந்து இப்பெயரை உயர்த்தவே, சைவக் குடும்பங்கள் அதனைத் தம் மக்களுக்கு விரும்பி இட்டன. 1906-இற் பிறந்த ம. பொ. சிவஞானம் அவர்கட்குப் பெற்றோர் இட்ட பெயர் ஞானப்பிரகாசம். முதியவர் ஒருவர் சிவஞானி என அழைத்துவந்ததே பின்னர்ச் சிவஞானம் என நிலைத்தது. மடத்துப் பெயர் இல்லத்தார் வழக்கில் எத்துணை இயல்பாகக் கலந்திருந்தது என்பதற்கு இது சான்று.

அப்பெயர் இன்று அருகுதற்குக் காரணங்கள் பல. மகன் வயிற்றுப் பிள்ளைக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கால் பெயரன் என்னுஞ் சொல் பிறந்தது. அதுவே பேரன் என மருவியது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் மீண்டும் தளிர்க்குமாறு முன்னோர் அமைத்த வழி அது. மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் மரியாதையால், அப்பிள்ளை வீட்டில் வேறொரு செல்லப்பெயரால் அழைக்கப்பட்டதும் உண்டு; எனினும் பெயர் அழியவில்லை. 1916-இல் தனித்தமிழியக்கம் தோன்றி, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆயின காலந்தொட்டு, வடமொழித் தொடர்ப்பெயர்களை விடுத்துத் தூய தமிழ்ப்பெயர் வைக்கும் வேட்கை மிகுந்தது. அவ்வேட்கை பொருளை நாடியது. அதன்பின் வந்த வழக்கமோ ஓசையை நாடுகின்றது. பெயர் இரண்டு மூன்று எழுத்தில் அடங்கல் வேண்டும். கிரந்த எழுத்து ஒன்று இருத்தல் வேண்டும். எண்கணிதத்திற்குப் பொருந்தல் வேண்டும். அயலார் எவரும் வைத்திராததாதல் வேண்டும். இவற்றிற்கு ஈடுகொடுக்கச் சிவஞானம் என்னும் பெயரால் இயலவில்லை. பல வீடுகளில் அது பிள்ளையின் பெயருக்கு முன்னே 'சி.' என்னும் தலைப்பெழுத்தாக மட்டும் எஞ்சியுள்ளது. அப்பிள்ளைக்கு மகன் பிறந்தால் அவ்வெழுத்தும் போகும்.

இதனாற் குற்றம் யாது? பெயர்கள் தோன்றுவதும் மறைவதும் உலகியல்பன்றோ எனின், ஒருவாற்றான் அது மெய்யே. வழக்கம் மாறியது என்னும் அளவிற் குற்றமில்லை. பொருள் விளங்காப் பெயர் பூண்டோரும் மெய்யன்பராதல் கூடும். வேடர்குலத்து நாகனார், தம் மகவு எடுத்தற்குத் திண்ணென்றிருந்தது பற்றித் திண்ணன் என்றே பெயரிட்டார். அப்பெயரிற் சிவமும் இல்லை, ஞானமும் இல்லை. காளத்தியிலே கண்ணப்பன் என்னும் பெயரை இறைவனே அளித்தான். ஆதலின் புதுவகைப் பெயருடைய சிறுவனை இகழ்தல் சைவர்க்கு அழகாகாது; அவன் அப்பெயரைத் தானே தேர்ந்துகொண்டவன் அல்லன்.

அற்றேல், பெயரிடுதலில் நன்று தீது என்னும் ஆராய்ச்சி எங்கே நிற்கும் எனின், இடுவோரிடத்தே நிற்கும் என்க. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்ததன் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும். குழவிக்குப் பாலும் தாய்மடியும் முதற்சார்பாதல் போல, தன்னை நோக்கி நாள்தோறும் பன்முறை ஒலிக்கும் பெயரும் ஒரு சார்பாகும். ஆயின் வெற்றொலி சார்பாகாது. அழைப்போர் உள்ளத்தில் அப்பெயரின் பொருள் இருந்தாலன்றோ அஃது அழைக்கப்படும் உயிரைச் சென்று பற்றும்? சிவஞானம் என்று மகனுக்குப் பெயரிட்டு, அச்சொல்லின் பொருளை அவனுக்கு ஒருநாளும் சொல்லாத தந்தையும், பொருளற்ற பெயரை இட்ட தந்தையும் இவ்வகையில் ஒருதன்மையரே.

பெயர் தன்னளவில் உயிரைத் தடுத்து நிறுத்தாது என்பதற்குத் திருவாமூரில் தோன்றிய பெரியார் வரலாறே சான்று. அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். மயக்கத்தை நீக்குபவர் என்பது அதன் பொருள். அப்பெயருடையவர் புறச்சமயம் புக்குத் தருமசேனர் என்னும் வேறு பெயரும் பூண்டார். பெயர் அவரைத் தடுக்கவில்லை. எனினும் தமக்கையார் திலகவதியார் தம்பியை மறந்திலர். திருவதிகையில் இறைவனிடம் அவர்பொருட்டு முறையிட்டுக்கொண்டே இருந்தார். பெற்றோர் மறைந்தபின் அப்பெயரின் பொருளைக் காத்து நின்றவர் அவரே. தம்பியார் மீண்டு வந்து, இறைவனால் நாவுக்கரசு எனப் பெயர் பெற்றபோது, பிள்ளைப்பெயரும் தன் பொருளை எய்தியது.

அந்நாவுக்கரசின் பெயரைத் திங்களூர் அப்பூதியடிகள் தம் மக்களுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என இட்டார். தண்ணீர்ப்பந்தர் முதலிய அறங்களுக்கும் அப்பெயரையே வைத்தார். பிறர் வைத்திராத பெயர் வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு இல்லை. ஒரு பெயரே வீடெங்கும் ஒலித்தல் வேண்டும் என்பதே வேட்கை. வழிப்போக்கர்க்கு நீர் வார்க்குமிடத்தும் அப்பெயர் ஒலித்தமையால், அவர்தம் மக்களுக்கு அதன் பொருளைத் தனியே கற்பிக்க வேண்டியதாயிற்றில்லை. தந்தை செய்த அறமே பெயருக்கு உரையாயிற்று.

பொம்மையார்பாளையத்திற்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். பாத்தி கட்டி நீரைத் தேக்கினால் மட்டும் உப்பு விளைவதில்லை. கதிரவன் காய்தல் வேண்டும். கதிரவன் காய்ந்தும், பாத்தி கட்டுவார் இல்லையேல் வாரியெடுக்கும் உப்பு இல்லை. பெயர் பெற்றோர் கட்டும் பாத்தி; ஞானம் திருவருளாகிய வெயிலால் விளைவது. அதனை விளைவித்தல் பெற்றோர் வசத்ததன்று. பாத்தி கட்டுதலும் கரை உடையாது காத்தலும் அவர் கடன்.

ஆதலின் சிவஞானம் என்னும் பெயர் மீண்டும் பெருகுதல் வேண்டுமென விழைவோர், பிறர் வீட்டுப் பெயர்களைப் பழித்தலை விடுக. 'சி.' என்னும் தலைப்பெழுத்தைச் சுமந்து பள்ளி செல்லும் பெயரனை அருகிருத்தி, அவ்வெழுத்து எப்பெயரின் முதல், அப்பெயர் எந்நூலினின்று வந்தது, அதனைத் தாங்கினோர் யாவர் என்று அவன் பாட்டனார் ஒருநாள் எடுத்துரைப்பாராக. அதுவும் ஒரு நாமகரணமேயாம்.

திருச்சிற்றம்பலம்.