பிறப்பின்மேல் விதித்த தண்டனை

மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துள்ள கீழக்குயில்குடிக்குச் சென்று சமணர் மலையைத் தொழுது வந்த அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். செட்டிப்புடவில் அமர்ந்த கோலத்தில் விளங்கும் தீர்த்தங்கரர் திருமேனியையும், பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே வரிசையாகச் செதுக்கப்பெற்ற திருவுருவங்களையும், அவற்றின்கீழ்க் காணும் வட்டெழுத்துக்களையும் கண்டு நெஞ்சம் குளிர்கிறோம். பின்னர் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஐயனார் கோயிலையும் கடந்து வண்டியேறிவிடுகிறோம். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசத் தெரிந்த நமக்கு அவ்வூரின் இருபதாம் நூற்றாண்டு தெரிவதில்லை.

1914ஆம் ஆண்டில், குற்றப் பரம்பரையினர் சட்டத்தை ஆங்கில அரசு மதுரைப் பகுதிக் கள்ளர்மீது முதன்முதலாகச் செலுத்தியது இக்கீழக்குயில்குடியில்தான். வடநாட்டில் 1871இல் தோன்றி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்திற்கும் வந்த சட்டம் அது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். ஓர் இனத்தை அரசு தன் அறிவிப்பில் பெயர் குறித்துவிட்டால், அவ்வறிவிப்புச் செல்லுமா என்று வினவும் உரிமை எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை. பதிவேட்டில் ஏறிய ஆடவர் விரல் ரேகை தரவேண்டும்; இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ முகங்காட்டிப் படுக்கவேண்டும்; ஊரைவிட்டு வெளியே செல்ல இராத்திரிச் சீட்டுப் பெறவேண்டும்.

தண்டனை விதிப்பு முறையில் அச்சட்டம் செய்த மாற்றத்தையே நாம் ஊன்றி நோக்கவேண்டும். கொள்ளை முதலாகப் பட்டியலிட்ட சில குற்றங்களில் அறிவிக்கப்பட்ட இனத்தவன் ஒருவன் இரண்டாம் முறை தண்டிக்கப்பெற்றால் ஏழாண்டிற்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள்காலத் தீவாந்தரம். தனிக்காரணம் காட்டினாலன்றி நீதிபதி இதனைக் குறைத்தல் இயலாது. அதே குற்றத்தை, அதே கூட்டத்தில் சேர்ந்து செய்த வேற்றினத்தானுக்கு இவ்விதி இல்லை. இருவரும் ஒரே கூண்டில் நிற்பர். ஒரே சாட்சியம் கேட்கப்பெறும். ஒருவனுக்கு அவன் செய்த செயலுக்கும், மற்றொருவனுக்கு அவன் செயலோடு அவன் தாயின் வயிற்றிற்கும் சேர்த்துத் தண்டனை. இன்னும் ஒன்று: பதிவு பெற்றவன் திருடப் போகிறான் என்று நீதிமன்றம் நம்பத்தக்க நிலையில் ஓரிடத்தில் காணப்பட்டாலே மூன்றாண்டு வரை சிறை உண்டு. செய்யாத வினைக்கும் பயன் ஊட்டிய சட்டம் இது.

அப்பகுதியில் களவே நிகழவில்லை என்று எவரும் சொல்லார். ஊர்க்காவல் புரிந்து காவற்கூலி பெற்றுவந்த குடிகள் பலவற்றின் பிழைப்பை அரசின் போலீசு முறை பறித்தது என்பதும், மழை பொய்த்த மேட்டுநிலம் அவர்களுடையது என்பதும் உண்மை. ஆயினும் திருடியவன் திருடியவனே. அவனைத் தண்டிக்க அந்நாளிலும் இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்தது. அது போதாதென்று ஓர் ஊரையே, பின்னர்ப் பிரமலைக் கள்ளர் அனைவரையுமே பதிவேட்டில் ஏற்றியதுதான் பிழை. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952இலும் சட்டம் நீங்கிற்று.

இவற்றையெல்லாம் ஒருமுறை மலைப்படியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, உடன்வந்த அன்பர் ஒருவர், சுவாத்தியாயத்தில் பழகியவர், ஒரு வினா எழுப்பினார். "எண்வினைகளுள் கோத்திர கன்மமும் ஒன்றன்றோ? உயர்குலத்தும் தாழ்குலத்தும் பிறப்பது அவரவர் முன் கட்டிய வினை. அவ்வினத்திற் பிறந்து அத்துன்பத்தை நுகர்ந்ததும் அவர்தம் வினைப்பயனே எனின், அரசைக் குறை கூறுவது எங்ஙனம்?"

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் இல்லங்களில், அயலான் துன்புறும்போதெல்லாம் "அவன் வினை" என்று சொல்லி வாயிற்கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் கோத்திர கன்மத்தைச் சொன்ன தத்துவார்த்த சூத்திரமே, தாழ்கோத்திரக் கட்டு எதனால் உண்டாகிறது என்பதையும் சொல்லியிருக்கிறது. பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடமுள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாததை உண்டெனக் காட்டல் ஆகியவை அதற்கு ஏது. ஓர் இனம் முழுவதையும் பிறவிக் கள்வர் என்று அரசிதழில் எழுதிய கைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறு கிடைக்குமா? துன்புறுவோன் பழவினையைக் கழிக்கிறான் என்றே கொண்டாலும், துன்புறுத்துவோன் புதுவினையைக் கட்டுகிறான். வினை தன் பயனைத் தானே ஊட்டவல்லது. அதனை நிறைவேற்றித் தருமாறு எந்தக் கலெக்டரையும் அது அமர்த்தவில்லை.

மதுரையில் நின்றுகொண்டு இவ்வினாவை எழுப்புவோர்க்குச் சிலப்பதிகாரமே விடை தருகிறது. கோவலன் முற்பிறப்பில் சிங்கபுரத்தில் பரதன் என்பானாய் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் வந்து மூண்டது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறுகிறது. வினைக்கணக்கு இதில் ஐயமறத் தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் இளங்கோவடிகள் பாண்டியனை விடுவித்தாரா? இல்லை. ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாது ஏவியவன் அரியணையிலேயே வீழ்கிறான். இருவரையும் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்த கவுந்தியடிகளும், வினையின் இயல்பை நன்கறிந்த துறவியாக இருந்தும், செய்தி கேட்டபின் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார்.

அக்காப்பியத்தில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்து பட்டமேற்ற வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணியும்பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பது செய்தி. சிலம்பைத் திருடியவன் ஒருவன். ஏனைய 999 பேர் செய்த குற்றம் யாது? தட்டான் குடியிற் பிறந்ததும், உலை ஊதியதுமே. ஆராயாமல் ஒருவனைக் கொன்றதற்குக் கழுவாயாக ஆராயாமல் ஆயிரவரைக் கொன்ற இந்த அரசனை எந்தத் தெய்வம் தண்டித்தது என்று நூல் சொல்லவில்லை. எனக்கு இவ்விடம் எப்போதும் நெருடும்.

நம் ஆசாரிய மரபில் தண்டனை வேறு வகையாக நடந்துவந்துள்ளது. பிராயச்சித்தம் ஒன்பது வகை என்பர். தன் பிழையைத் தானே எடுத்துரைப்பதில் தொடங்குவது அது. தீக்கைக்காலத்தைக் குறைத்தல், சங்கத்தைவிட்டுச் சிலகாலம் விலக்கி வைத்தல் என்று கடுமை ஏறிக்கொண்டே போகும். ஆயின் கடைசியாக நிற்பது உபஸ்தாபனம். அதாவது, மீண்டும் தீக்கை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுதல். தண்டம் வழங்கும் ஆசாரியர் பிழைத்தவனின் ஆற்றல், இடம், காலம், உள்ளக் கருத்து ஆகியவற்றை எடைபோட வேண்டும்; அவன் குலத்தை எடைபோடச் சொல்லவில்லை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவதும் பெருங்குடி வணிகனை அன்று. யமபாலன் என்னும் கொலைத்தொழில் சண்டாளனை. சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்லேன் என்ற தன் நோன்பிற்காக, அரசன் இட்ட மரண தண்டனையை நிறைவேற்ற மறுத்தவன் அவன்.

சட்டம் போனாலும் அதன் நிழல் நெடுநாள் நின்றது. சீர்மரபினர் என்று பெயர் மாற்றப்பெற்ற இனத்தாரைப் பிறவியிலேயே குற்றப் பழக்கமுள்ளவர் எனக் கருதும் விதிகள் சில மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் தொடர்ந்து இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் சிறைக்குள் சாதிவழி வேலை பகிர்வதையும் இத்தகைய விதிகளையும் செல்லாதன என்று தீர்ப்பளித்து, கைதிகளின் பதிவேட்டிலுள்ள சாதிப் பத்தியை நீக்குமாறு ஆணையிட்டது.

நாங்கள் படியிறங்கியபோது வினாவெழுப்பிய அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். மேலே வழிகாட்டி அழைத்துச் சென்ற ஊர்ப் பெரியவர் எங்களுக்கு முன்னால் கோலூன்றி இறங்கிக்கொண்டிருந்தார். அன்பர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றிய கதையைச் சிறுவயதில் பாட்டி சொல்லக் கேட்டவன் நான். அது நடந்ததா இல்லையா என்று வரலாற்றறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். ஆனால் இந்நாள்வரை மதுரைக்காரர் ஒருவரைக் கண்டால் என் மனம் ஒரு கணம் சுருங்கும். ரேகை வாங்காமலே நானும் ஒரு பதிவேடு வைத்திருந்திருக்கிறேன்."

பெரியவர் குளத்தங்கரையில் நின்று, தாகமாயிருக்கும், வீட்டிற்கு வந்து மோர் அருந்திச் செல்லுங்கள் என்று அழைத்தார். பொழுது சாயும் முன்னரே உண்ணும் நோன்புடையவர் அவ்வன்பர். சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறது என்று கூறி அவருடன் நடந்தார்.