விற்ற நேரம்

வட்டிக் கடையில் கணக்கு எழுதலாமா, மது பரிமாறும் ஹோட்டலில் வேலை பார்க்கலாமா என்று ஆலிம்களிடம் கேட்பவர்கள் நிறைய. ஹலாலான வேலையில் சேர்ந்த பிறகு, சம்பளம் முழுவதும் ஹலாலாகத்தான் கைக்கு வருகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. ஃபிக்ஹு நூல்கள் விஷயத்தை அப்படி விட்டுவிடுவதில்லை. கூலிக்கு உழைப்பவரை அவை இரு வகையாகப் பிரிக்கின்றன. தையல்காரர், சலவைக்காரர் போல வேலையை முடித்துக் கொடுத்துக் காசு வாங்குபவர் ஒருவர். அவர் எந்நேரம் தைக்கிறார் என்பது யாருக்கும் கவலையில்லை. மாதச் சம்பளக்காரர் மற்றவர்; அவர் விற்பது நேரத்தை. எனவே குறித்த நேரத்தில் அவர் வந்து நின்றுவிட்டால், முதலாளி வேலை எதுவும் கொடுக்காவிட்டாலும் கூலி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. உழைப்பவருக்கு இத்தனை சாதகமான விதிக்குக் கடுமையான மறுபக்கமும் உண்டு. அந்த நேரத்தில் ஃபர்ளான தொழுகையை நிறைவேற்றலாம், சுன்னத்தையும் தொழலாம் என்பார் சிலர், நஃபிலுக்கு மட்டும் இடமில்லை என்று பதிவு செய்கிறார் டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன். உபரி வணக்கத்துக்கே இடமில்லாத நேரத்தில் சொந்த வியாபாரம் பேசவும் கைப்பேசியில் மூழ்கவும் எங்கிருந்து இடம் வரும்?

நேரத்தோடு சேர்ந்து பதவியும் அமானத்தாகிறது. ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உமக்கு வந்திருக்குமா என்ற பொருளில் நபி (ஸல்) கேட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. டீச் செலவு, மாமூல், கமிஷன் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

சம்பளமே போதவில்லை, ஓவர்டைம் காசையும் முதலாளி தின்கிறார், நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் என்ன என்பதுதான் வலுவான வாதம். வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் இருக்க, முதலாளிக்கு வக்காலத்து வாங்க வழியில்லை. கணவர் அபூசுஃப்யான் செலவுக்குப் போதுமான அளவு தராதபோது, அவருக்குத் தெரியாமல் வழக்கப்படி தேவையானதை எடுத்துக்கொள்ள ஹிந்த் என்ற பெண்மணிக்கு நபி அனுமதித்தார்கள். மறுக்கப்பட்ட உரிமையை ஒருவர் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஷாஃபிஈ அறிஞர்கள் இதை ஆதாரம் காட்டுகிறார்கள். துரோகம் செய்தவருக்கும் பதிலுக்குத் துரோகம் செய்யாதே என்ற ஹதீஸை வைத்து மறுப்பவர்களும் உண்டு. ஷாஃபிஈ கருத்தையே ஏற்றாலும், எடுக்கக்கூடியது வரவேண்டிய பாக்கியின் அளவுதான். தராத ஓவர்டைம் காசு பாக்கி. ஒப்புக்கொண்டு சேர்ந்த குறைந்த சம்பளம் பாக்கியல்ல. அதை உயர்த்தச் சொல்லிப் போராடலாம், வேலையை விடலாம். அதோடு, வேலையில் நேரம் திருடுபவர் எவரும் பாக்கியைக் கணக்குப் பார்த்துத் திருடுவதில்லை. அந்த நேரம் எப்போதும் முதலாளியுடையதாக இருப்பதும் இல்லை. சம்பளக் குறையைச் சொல்லி வகுப்புக்குப் போகாத ஆசிரியர் எடுத்துக்கொள்வது நிர்வாகத்தின் நேரத்தை அல்ல, மாணவனின் நேரத்தை. அந்த மாணவன் அவருக்கு எந்தப் பாக்கியும் வைத்திருக்கவில்லை.