காட்சியும் கடனும்

விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா எல்லாக் குடும்பங்களிலும் எழுகின்ற எளியதொரு வினாவாகும். திருகோணமலை நகரைச் சார்ந்து வாழ்வோருக்கு இதற்கு விடை காண்பது அரிதன்று. கோணேசர் கோயில், அதற்குச் செல்லும் வழியில் அமைந்த பிரட்றிக் கோட்டை, அக்கோட்டையினுள் அச்சமின்றி உலவும் புள்ளிமான்கள், கன்னியா வெந்நீரூற்றுக்கள், நிலாவெளிக் கடற்கரை, அதற்கு எதிரே கடலினுள் நிற்கும் புறாமலை, ஒல்லாந்தர் காலத்து மனையொன்றில் அமைந்த கடற்படை வரலாற்று நூதனசாலை எனக் காணத்தக்கவை பல. நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் உள்ள சாம்பல்தீவிலிருந்து காலையிற் புறப்படும் ஒரு குடும்பம் இவற்றுட் சிலவற்றையேனும் கண்டு மாலையில் மீண்டுவிடலாம்.

எனினும், எங்கே செல்வது என்ற வினாவிற்குப் பின்னால் மற்றொரு வினா மறைந்து நிற்கின்றது. அங்கே காண்பவற்றை எவ்வாறு காண்பது என்பதே அது. காண்பவனுக்குக் காணப்படும் பொருளின்பாலும், அப்பொருளுக்கு உரியவராய் வாழ்ந்த மாந்தர்பாலும் யாதேனும் கடன் உண்டா? நுழைவுச்சீட்டுக்கான பணத்தைக் கொடுத்ததும் அக்கடன் தீர்ந்துவிடுகின்றதா? முதலாவது வினா வீட்டுக்குரியது, இரண்டாவது அறவியலுக்குரியது. பிள்ளைகளைக் கையிற் பிடித்துச் செல்லும் பெற்றோர், விரும்பினும் விரும்பாவிடினும், இரண்டாவது வினாவுக்கும் அன்றே விடையளித்துவிடுகின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இது குறித்துச் சிந்திப்பதற்குத் தமிழ்மொழியே ஒரு திறவுகோலைத் தருகின்றது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். சொல்லளவில் அது கண் சென்று பொருந்துதலைக் குறிக்கும். ஆனால் வள்ளுவர் அச்சொல்லாற் குறித்தது இரக்கத்தையே. தன் கண் சென்று பொருந்தியவரின் நிலை கண்டு உள்ளம் நெகிழ்தலையே. இக்காலத்தில் அதே சொல் நோக்குநிலை என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. அவரவர்க்கு அவரவர் கண்ணோட்டம் என்று கூறி விவாதங்களை முடித்துக்கொள்கின்றோர் பலர். பார்வையும் பரிவும் ஒரே சொல்லில் ஒன்றியிருந்த நிலை மாறி, பார்வை மட்டும் எஞ்சியிருப்பதை இப்பொருள் மாற்றம் உணர்த்துகின்றது. சுற்றுலா என்னும் இன்றைய வழக்கத்தின் அறச்சிக்கலும் இதுவே எனலாம்.

இதற்கு மறுப்பொன்று உடனே எழும். விடுமுறை மகிழ்வதற்குரியது, பிள்ளைகள் மானையும் கடலையும் கண்டு துள்ளட்டும், வரலாற்றின் சுமையை அவர்தம் தோளில் ஏற்றுவது கொடுமை என்பர் சிலர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிடுதல் ஆகாது. ஜேர்மன் மெய்யியலாளர் நீட்சே, வரலாற்றால் வாழ்வுக்கு விளையும் நன்மை தீமைகளை ஆராய்ந்து 1874இல் எழுதிய நூலில், அளவு மீறிய வரலாற்றுணர்வு வாழும் ஆற்றலையே முடக்கிவிடும் என எச்சரித்தார். பழம்பகையை நாள்தோறும் ஊட்டி வளர்க்கப்படும் பிள்ளை, தன் காலத்தில் வாழ இயலாது போகும் என்பதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாறே சான்று பகரும். ஆயினும், சுமையேற்றாதிருத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு. ஒரு கல்லைக் காட்டி அதன் கதையிற் பாதியை மட்டும் கூறுவது பிள்ளையின் மகிழ்ச்சியைக் காப்பதாகாது. கூறுவோரின் வசதியைக் காப்பதேயாகும். எனவே, கூறவேண்டியது எவ்வளவு என்பது பிள்ளையின் வயதைப் பொறுத்தது. கூறுவது மெய்யாக இருத்தல் வேண்டும் என்பது எவ்வயதினர்க்கும் பொதுவானது.

கோட்டையை முதலில் நோக்குவோம். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இற் பிரித்தானியர் கைப்பற்றினர். கோட்டை வாயிலில் இணைக்கயல் உருவும் தமிழ்ச் சாசனமும் பொறித்த கற்கள் இன்றும் காணப்படுகின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, ஆலயத்தின் தூண்கள் முதலியவற்றைக் கண்டனர். ஆக, அவ்விடத்திற் கோட்டையைக் காண்பவர் கோயிலையும் காண்கின்றனர். ஒன்றின் சுவரே மற்றொன்றின் சிதைவு. கோட்டையின் அழகை மட்டும் பிள்ளைக்குக் காட்டுபவர் இடித்தவனின் கண்ணாற் காண்கின்றார். இடிப்பை மட்டும் கூறிச் சினமூட்டுபவரோ, அச்சுவரை எழுப்பக் கல் சுமந்த பெயரறியாக் கூலியாட்களை மறந்துவிடுகின்றார்.

இதே மண்ணிற் கிடைத்த திருவுருவங்களின் வரலாறு இச்சிக்கலை மேலும் விளக்கும். 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை கண்ணாடிப் பேழைக்குட் செல்லவில்லை; ஊர்கள் தோறும் எழுந்தருளச் செய்யப்பெற்று, புதுப்பிக்கப்பட்ட ஆலயத்தில் 1963இல் வைக்கப்பெற்றன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக்கரையிற் கிடைத்த மற்றொரு திருவுருவத்துக்கு வேறு கதி நேர்ந்தது. பௌத்தரின் தாரா தேவியைக் குறிக்கும் அப்பொன் முலாமிட்ட வெண்கலச் சிலை ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டுக்குரியது. 143 சென்ரிமீற்றர் உயரமுடையது. இலங்கையின் தேசாதிபதியாக இருந்த றொபேட் பிறவுண்றிக் அதனை 1830இற் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். அங்கே அதன் வடிவம் பொதுமக்கள் காணத் தகாதெனக் கருதப்பட்டு, முப்பது ஆண்டுகளளவு பொதுக்காட்சியில் வைக்கப்படாதிருந்தது. வணங்குவதற்கென வார்க்கப்பட்ட உருவம், நாணத்துக்குரிய பொருளாக எண்ணப்பட்டது.

நூதனசாலைகள் தீயவை என்பது இதன் கருத்தன்று. பேழைக்குள் இருந்தமையாலேயே தாரா சிலை உருக்கப்படாமற் காக்கப்பட்டது என வாதிடுவோரும் உளர்; உலகின் பல இனத்தவரும் அதனைக் கண்டு இலங்கைச் சிற்பியின் கைத்திறனை உணரவும் முடிகின்றது. ஆயினும், காப்பாற்றியவனுக்கே பொருள் உரியதாகிவிடுமா என்னும் வினா விடையின்றியே நிற்கின்றது. ஓடும் வெள்ளத்திலிருந்து அயலவன் மாட்டைக் கரையேற்றியவன் அதனைத் தன் தொழுவத்திற் கட்டிக்கொள்வதில்லை. காத்தல் ஒரு கடமை, உரிமை மற்றொன்று. அச்சிலை கிடைத்த கரையில் வாழும் ஒரு பிள்ளை அதனைக் காண வேண்டுமாயின் இலண்டன் செல்லவேண்டும் என்ற நிலை, இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டதன் விளைவேயாகும்.

பொருள் யாருடையது என்ற வினாவினும் கூர்மையானது, பழமை யாருடையது என்ற வினா. கன்னியாவின் ஏழு கிணறுகளும் இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றும்பொருட்டுத் தோன்றியவை என்பது ஐதிகம். இப்பகுதிச் சைவர் தம் தாயாரின் அந்தியேட்டிக் கிரியைகளை அங்கு ஆற்றிவந்துள்ளனர். தாயை இழந்த ஒருவன் ஒரு கிணற்றருகே தலை நனைந்து நிற்க, மறு கிணற்றருகே வேற்றூரிலிருந்து வந்த சிறுவர் நீர் தெளித்து விளையாடுவர். இருவரும் தத்தம் வழியில் நியாயமுடையவரே. ஆனால் அவ்விடம் ஒரு சமயத்தாரின் தொல்பொருளா, மற்றொரு சமயத்தாரின் தீர்த்தமா என்ற முரண்பாடு 2019இல் மக்களின் எதிர்ப்பு நடவடிக்கைக்கும் நீதிமன்ற வழக்கிற்கும் இட்டுச்சென்றது.

கன்னியாவுக்கு அணித்தாயுள்ள வெல்கம் விகாரை இம்முரண்பாட்டிற்கு ஆழ்ந்ததொரு பாடத்தைப் புகட்டுகின்றது. தமிழ் மக்கள் நாதனார் கோயில் என வழங்கிய அப்பௌத்தப் பள்ளிக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரும் இருந்தது. அங்குள்ள பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்கள் தமிழில் அமைந்தவை. விளக்கெரித்தல் முதலியவற்றுக்காக வழங்கப்பட்ட கொடைகளை அவை பதிவுசெய்கின்றன. தமிழர் பௌத்தப் பள்ளியைப் பேணியதும், சோழவரசு பிற சமயத் தலமொன்றுக்குத் தன் பெயரளித்துக் காத்ததும் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழெனின் சைவம், பௌத்தமெனின் சிங்களம் என்று பிரித்து வைத்துக்கொண்டு அவ்விடத்துக்குச் செல்பவர், எப்பக்கத்தவராயினும், அக்கற்களை வாசிக்க இயலாது தடுமாறுவர். தமக்கு வேண்டியதை மட்டும் காண்போருக்குப் பழமை தன் முழு உருவைக் காட்டுவதில்லை. அங்கே பிள்ளை ஒன்று, "தமிழில் எழுதியவர்கள் ஏன் புத்தருக்கு விளக்கேற்றினார்கள்?" என்று வினவுமாயின், அவ்வினாவை அடக்காதிருப்பதே பெற்றோர் அன்று செய்யக்கூடிய பெருந்தொண்டு.

இனி, சாம்பல்தீவுக்கு மீளும் வழியில் ஓர் இடமுண்டு. உப்புவெளியைக் கடந்ததும் வீதியோரத்தில் இரண்டாம் உலகப்போரில் இறந்தோரின் மயானம் அமைந்துள்ளது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அப்போரில் இறந்தோருள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். கற்கள் வரிசை பிறழாது நிற்கும். தளபதிக்கும் மாலுமிக்கும் ஒரே அளவான கல் என்பது 1917இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கை. அக்கொள்கையும் எங்கும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை; ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பேரரசுக்காக இறந்த பல்லாயிரவர் பெயரின்றியே விடப்பட்டதை 2021இல் அவ்வாணையமே ஏற்று வருத்தம் தெரிவித்தது. எனினும், இறந்தவன் ஒவ்வொருவனும் பெயருக்கு உரியவன் என்ற எண்ணம் உயர்ந்ததே.

அந்த எண்ணத்தை உள்ளத்திற் கொண்டு நகரக் கடற்கரைக்குச் செல்வோமாயின் மனம் கலங்கும். மாலைவேளையிற் குடும்பங்கள் கூடிக் கச்சான் கொறிக்கும் அக்கடற்கரையில், 2006 சனவரி 2ஆம் நாள் மாலை ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இம்மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தம் மக்களை இழந்தனர். அவர்களுட் பலருக்குப் புல் வெட்டிய மயானமுமில்லை, பெயர் பொறித்த கல்லுமில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்து இறந்தவனின் வயதைக் கல்லில் வாசித்தறியும் பிள்ளை, தன் அயல்வீட்டில் இழக்கப்பட்டவரின் பெயரை அறியாதே வளர்கின்றது. அந்நியனின் கல்லறைக்குச் செய்யப்படும் மரியாதையைக் குறைப்பது இதற்குப் பரிகாரமாகாது. அம்மரியாதையை அளவுகோலாகக் கொண்டு, தம்முடைய இறந்தோருக்கும் தம்மோடு முரண்பட்டோரின் இறந்தோருக்கும் அதே கடன் உண்டென உணர்தலே பரிகாரம்.

காண்பவனின் கடன் இறந்தோரோடு முடிவதுமில்லை. புறாமலை 2003இற் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பவளப்பாறைகளைக் காணவே மக்கள் செல்கின்றனர். பவளம் உயிருள்ளது, மிதிப்பவனின் காலடியில் அது முறிந்துவிடும். காணும் ஆசையே காணப்படுவதை அழிக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறரை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளாது நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்ற கான்டின் அறநெறி மாந்தரைக் குறித்தே கூறப்பட்டது. ஆயினும், தன் இன்பத்துக்குக் கருவியாக மட்டும் எதனையும் காணாத பழக்கம், ஒரு கிளைப் பவளத்தை மிதியாது விலகும் சிறுவனிடத்தும் தொடங்கலாம்.

சாம்பல்தீவு வாழ்வோர் இவ்வினாவின் இருபுறத்தையும் அறிந்தவர்கள். அவர்கள் காண்போர் மட்டுமல்லர், காணப்படுவோரும் ஆவர். நிலாவெளி நோக்கி விரையும் பேருந்துகளின் சாளரங்களிலிருந்து அவர்களுடைய களப்பும் பாலமும் குடிசைகளும் நாள்தோறும் பார்க்கப்படுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், துயருற்று நின்றோரின் முகங்களைப் படமெடுத்துச் சென்றோரும் உளர். நின்று, வினவி, உதவிச் சென்றோரும் உளர். இரு சாராரும் கண்டது ஒரே காட்சியைத்தான். அவர்களுக்கிடையே இருந்த வேற்றுமையைத் துயருற்றவரே நன்கறிவர்.

ஆதலின், கோட்டையையோ கோயிலையோ நூதனசாலையையோ காணச் செல்லும் குடும்பம் தன்னுடன் கொண்டுசெல்ல வேண்டியது அதிகமன்று. பீரங்கியின்மீது ஏறி அமரும் சிறுவனை இறக்கிவிடத் தேவையில்லை. அது யாரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது என்று அவன் கேட்கும்போது, மெய்யான விடையைச் சிறுகச் சொன்னாற் போதும். கன்னியாவில் ஒருவன் தன் தாய்க்குக் கடனாற்றும்போது, விளையாடும் பிள்ளையைச் சற்று அமைதியாய் நிற்கச் செய்தாற் போதும். மயானத்தில் ஒரு பெயரையேனும் வாய்விட்டு வாசிக்கச் செய்தாற் போதும். அப்பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது மானையும் கடலையும் கண்ட மகிழ்ச்சி குறையாமலே, அவ்விடங்கள் தனக்கு மட்டும் உரியவையல்ல என்ற உணர்வும் அதன் உள்ளத்திற் குடிகொண்டிருக்கும். வள்ளுவர் கண்ணோட்டம் என்று பெயரிட்டது அவ்வுணர்வையே.