காலம் கெட்டால் சிநேகம் கெடுமா?



"நல்ல சிநேகமாய்த்தான் இருந்தோம், சுவாமி, காலம் எங்களைப் பிரித்துவிட்டது" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. காலத்தின்மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் சிநேகத்தை முறிக்கும் வல்லமை காலத்துக்கு உண்டா? சற்று ஆலோசிப்போம்.

யாழ்ப்பாண நகரைப் பாருங்கள். அங்கே தமிழரும் சோனகர் என்னும் முஸ்லிம்களும் ஒரே தமிழைப் பேசி, தலைமுறை தலைமுறையாய் அண்டை அயலாய் வாழ்ந்தார்கள். 1981-ல் அந்நகரின் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 முதல் யுத்தம் மூண்டது. 1990 அக்டோபர் 30-ந் தேதி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் சோனகருக்குக் கட்டளையிட்டார்கள். மிகப்பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 அக்டோபர் 30-ந் தேதி, ராணுவம் நெருங்கி வரவே, லட்சக்கணக்கான தமிழர் தாங்களும் மூட்டை முடிச்சோடு வீடு வாசலை விட்டு நடந்தார்கள். இதைத் தேவ தண்டனை என்று சொல்ல நாம் துணியலாகாது. அகதியின் கண்ணீருக்கு மதமில்லை என்பதை மட்டும் அறிந்துகொள்வோம்.

இப்போது, 1990-ல் அத்தெருவில் நின்ற ஓர் அயலானை நினைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதன் குடும்பத்தோடு போகிறான். இவனோ துப்பாக்கிக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. இவன் துரோகியா? முடியாததைச் சர்வேசுரன் எவரிடமும் கேட்கிறதில்லை. ஆயினும், சிநேகிப்பதென்றால் மற்றவனுக்கு நன்மையை விரும்புவதே என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். அது வெறும் உணர்ச்சியல்ல, சித்தத்தின் செயல். உணர்ச்சி தூரத்தால் ஆறிப்போகும். சித்தமோ நாமாக விட்டாலன்றி விலகாது.

ஆகையால் அன்று பேச முடியாதவனுக்கும் மறுநாள் கடமை உண்டு. பூட்டிய வீட்டின் சாமானைத் தொடாதிருக்கலாம். ஏழாம் கற்பனை யுத்தகாலத்தில் ரத்தாகிறதில்லை. "இங்கே இன்னார் குடியிருந்தார், அவருக்கு அநியாயம் நடந்தது" என்று பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லலாம். 2009-ல் யுத்தம் முடிந்தபின் சோனகர் சிலர் ஊர் திரும்பினார்கள். இடிந்த வாசலில் நிற்கிறவனை "வா, முதலில் சாப்பிடு" என்று அழைக்க ஓர் அயலான் இருந்தால், அங்கே சிநேகம் பிழைத்தது. "இது இனி என் நிலம்" என்று சொன்னால், சிநேகத்தைக் கொன்றது காலமா, பேராசையா?

நம் கப்பலூருக்கு அருகே உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ளவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோமா, "முகாம்காரர்" என்று தள்ளி நிறுத்துகிறோமா? இன்னும் கிட்டே பார்ப்போம். ஒரு முழ வரப்புக்காகப் பத்து வருஷம் பேசாத அண்ணன் தம்பி நம்மிடையே இல்லையா? ஒரே பூசைக்கு வந்து, வெவ்வேறு வாசலால் வெளியேறுகிற சம்பந்திகள் இல்லையா? நம்மை எந்த ராணுவம் பிரித்தது? எந்தத் துப்பாக்கி நம் வாயைக் கட்டியது?

வழியில் கிடந்த அந்நியனுக்கு இரங்கிய சமாரித்தன் காலத்தைக் குறை கூறவில்லை. கழுதையை விட்டு இறங்கினான். வருகிற ஞாயிறு பூசைக்கு முன்பாக நீங்களும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவு திறக்காவிட்டால் மறுவாரமும் தட்டுங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு