களை என்பது எது?

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீடு வாங்குபவர், பின்வளவில் இருப்பது வெறும் நிலம் என்றே நினைத்துக்கொள்கிறார். கறுத்த மண்ணையும் காய்ந்த சில தண்டுகளையும் தவிர அங்கே வேறொன்றும் தெரியாது. ஆனால் முன்பிருந்தவர் நட்டுவிட்டுப் போன வேர்களும் கிழங்குகளும் உள்ளே உறங்கிக் கிடக்கும். பல்லாண்டுச் செடிகளின் இயல்பு அது. மேற்பாகம் பனியில் செத்துவிடும், வேர் சாகாது. மார்ச் பிறந்ததும் ஒவ்வொன்றாக முளை காட்டத் தொடங்கும். அப்போது கேள்வியும் முளைக்கிறது: பெயர் தெரியாத இவற்றை வைத்திருப்பதா, பிடுங்குவதா?

எம்மவர் பலருக்குப் பதில் சுலபம். மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டு வெந்தயக் கீரையும் மிளகாய்க் கன்றும் வைத்துவிடுவார்கள். உறுதி கையில் இருக்கிறது. யாரும் கேட்க முடியாது. உரிமையைப் பற்றி எனக்கும் கேள்வி இல்லை. எமக்குத் தெரியாத ஒன்றை அழிக்குமுன் அதற்கு நாம் ஏதாவது கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோமா என்பதே கேள்வி.

இங்குள்ள தோட்டக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. முதல் ஒரு வருடம் எதையும் கிண்டாதே, பார்த்துக்கொண்டிரு என்பார்கள். இது இரக்கத்தால் வந்த விதியென்று எண்ணத் தேவையில்லை. ஒரு செடியை அதன் ஒரு பருவத்தை மட்டும் கண்டு அறிய முடியாது என்ற அனுபவத்தால் வந்தது. பியோனி வசந்தத்தில் வெறும் சிவந்த முளையாகத்தான் எழும். கிண்டி இடம்மாற்றி நட்டால் சில ஆண்டுகள் பூக்காமலே இருந்துவிடும். விட்டுவைத்தால் நட்டவரின் ஆயுளையும் தாண்டி வாழும். ஃபொக்ஸ்குளோவ் ஈராண்டுச் செடி. முதலாம் ஆண்டில் தரையோடு பரந்த இலைக்கொத்து மட்டுமே. அந்த இலையைக் கொம்ஃப்ரி என்று எண்ணித் தேநீர் வைத்துக் குடித்து நஞ்சேறியவர்கள் இருக்கிறார்கள். அதே இலையின் மருத்துவப் பயனைப் பற்றித்தான் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785 இல் நூல் எழுதினார். இதய நோய்க்கு மருந்தொன்று அந்த வழியில் வந்தது.

ஊரில் இந்தக் கேள்வியை நாம் கேட்கவேண்டி வரவில்லை. பெயர்கள் எமக்கு முன்பே இருந்தன. கார்த்திகைப்பூவும் பல்லாண்டுக் கொடிதான். கோடையில் அடையாளமே இல்லாமல் மறைந்து, மாரி மழையோடு வேலியில் ஏறும். அதன் கிழங்கு நஞ்சு, மருந்தும் அதுவே. எப்போது தேடினால் காணலாம் என்ற செய்தி அதன் பெயருக்குள்ளேயே மாதமாக இருக்கிறது. யாரோ பல வருடங்கள் பார்த்திருந்துதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். அவர்களுடைய பொறுமையை நாம் சும்மா பெற்றுக்கொண்டோம். புதிய மண்ணில் அந்தப் பொறுமையை நாமேதான் செலவிடவேண்டியிருக்கிறது.

பொறுத்திருப்பது என்றால் எல்லாவற்றையும் வளரவிடுவது என்று பொருளாகாது. ஜப்பானிய நொட்வீட் 1847 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் அழகுச்செடியென்று தங்கப்பதக்கம் பெற்றது. 1850 இல் இலண்டன் கியூ பூங்காவுக்கு வந்தது. சிறு வேர்த்துண்டிலிருந்தும் முளைத்து, பிற செடிகளை மூடிப் பரவியது. 1981 இல் பிரித்தானியச் சட்டமொன்று அதை வெளியிடங்களில் நடுவதையும் வளரச்செய்வதையும் குற்றமாக்கியது. அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு அது செய்ததைக் கண்டு வந்தது. கிழக்கிலிருந்து வந்தது என்பது காரணமாக இருந்திருந்தால், இங்கே கொண்டாடப்படும் பியோனிகளில் பலவும் சீனத்து வழிவந்தவை. அவற்றையும் பிடுங்கியிருக்க வேண்டும்.

மனிதரைச் செடியோடு ஒப்பிடுவது ஆபத்தானது. அந்நியக் களை என்று எம்மைச் சொல்பவர்கள் இந்த நாடுகளில் இருக்கிறார்கள். அது எமக்குச் சுடுகிறது. ஆனால் களையெடுப்பு என்ற சொல்லை மனிதர்மீது பாவிக்க நாம் வெள்ளையரிடம் கற்கவில்லை. எண்பதுகளில் எமது தெருக்களில் மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களின் கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டையை வாசித்துவிட்டு நாம் கடந்து போனோம். அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க அங்கே எவருமில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு, பிறந்து வளர்ந்த ஊரைவிட்டுப் போகக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். இங்கே பெயர் தெரியாத ஒரு முளைக்கு நாம் ஒரு வருடம் கொடுக்கிறோம்.

செடி வாய் திறந்து தன்னை யாரென்று சொல்லாது. அதனால் அது பூக்கும்வரை காத்திருக்கிறோம். மனிதர் சொல்வார், கேட்டால் போதும். அந்த வகையில் மனிதருக்கு நாம் கொடுக்கவேண்டியது செடிக்குக் கொடுப்பதைவிட இலகுவானது. அதையே கொடுக்காமல் விட்டோம் என்பதுதான் யோசிக்கவேண்டியது. ஒன்றின் பெயர் எமக்குத் தெரியாதிருப்பது எம்முடைய குறை. அந்தக் குறையை அதன்மேல் குற்றமாக எழுதிவிட்டுக் கொத்தத் தொடங்கும்போதுதான் அநியாயம் ஆரம்பிக்கிறது.