இரத்தத்தில் வந்தது யார் குற்றம்?



நமது ஊர்களில் செத்தவீட்டுக்குப் போனால் ஒரு பேச்சுக் காதில் விழும். "தகப்பனும் ஐம்பது வயதில் இருதயத்தாலேதான் போனவர். அது அவையின்ர பரம்பரை வருத்தம்." சொல்பவர் இரக்கத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அதே பேச்சு, அவ்வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வேளையில் தீர்ப்பாக மாறிவிடுகிறது. அதற்கு அஞ்சியே சில குடும்பங்கள் வருத்தத்தை மறைக்கின்றன. இது சரியா?

முதலில் உண்மையை அறிவோம். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கின்படியே வருகின்றன என்று, மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866இல் எழுதியவர் கிரகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீனார் சபைத் துறவி. அவர் தொடக்கிவைத்த ஆராய்ச்சி இன்று நமது இருதயம்வரை வந்துவிட்டது. 2009இல் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் 800 இருதய நோயாளரையும் நோயற்ற 699 பேரையும் ஒப்பிட்டனர். இருதயத் தசையின் ஒரு புரதத்துக்குரிய பரம்பரை அலகில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருக்கும் குறை, நோயாளரிடையே பன்மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இந்தியத் துணைக்கண்ட மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர் இக்குறையைச் சுமக்கிறார்கள்.

நூற்றுக்கு 4! முந்நூறு பேர் கூடும் கலியாண வீட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர். மாப்பிள்ளை பகுதியா, பெண் பகுதியா, சமைத்தவரா, பூசை வைத்தவரா, யார் கண்டது? அப்படியிருக்க, "அந்தக் குடும்பம் வேண்டாம்" என்று விரல் நீட்டுபவர் தமது இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாரா?

மருந்திலும் இதே தவறு நேர்வதுண்டு. ஒரே மருந்து ஒருவருக்குப் பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பிடிப்பதில்லை. இதற்குப் பரம்பரை அலகுகளும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1,050 கறுப்பின நோயாளரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பழைய மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தபோது மரணங்கள் 43 வீதம் குறைந்தன. உயிர்கள் காக்கப்பட்டன, நன்று. ஆனால் 2005இல் அம்மருந்து கறுப்பினத்தாருக்கென்றே அங்கீகரிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அது உதவுமா என்பதை அவ்வாய்வு பார்க்கவேயில்லை. மருந்துக்கு ஆளைத் தெரிய, தோலின் நிறமே அளவுகோலாயிற்று. அங்கே தோல், இங்கே குடும்பப் பெயர். இரண்டிலும் ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கிறோம்.

"இரத்தத்திலேயே இருந்தால் மருந்து எதற்கு, உப்பைக் குறைப்பது எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. இதுவும் பிழை. இக்குறையைச் சுமக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பலர் முதுமைவரை சுகமாக வாழ்கிறார்கள். வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே வருகிறது. ஆகவே பரம்பரை என்பது ஒரு சுமை. அது தீர்ப்பு அல்ல. சுமை இருப்பவன் மேலும் கவனமாக நடக்கவேண்டும்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று ஆண்டவரைக் கேட்டார்கள். இருவருடையதும் அல்ல என்றார் அவர். சீடர்களின் கேள்வியைத்தான் நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி, மறைப்பது சரியா என்ற கேள்விக்கு வருவோம். தகப்பனின் வருத்தத்தை ஊருக்குச் சொல்லவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஆனால் மகனுக்கும் மகளுக்கும், தகப்பனின் சகோதரங்களுக்கும், அவர்களைப் பார்க்கும் டொக்டருக்கும் சொல்லியே ஆகவேண்டும். வாழ்க்கைத் துணையாக வர இருப்பவரிடமும் அது மறைபொருளாக இருத்தல் ஆகாது. நேரத்தோடு செய்யும் ஓர் எக்கோ பரிசோதனை ஓர் உயிரைக் காக்கலாம். மானம் போகுமென்று மூடிய வாய், அந்த உயிருக்குப் பதில் சொல்லுமா?

மறைப்பவர் செய்வது பிழைதான். ஆயினும் அவரை மறைக்கத் தூண்டியது யார்? பரம்பரையைக் கிளறிப் பெண்பிள்ளையைத் தள்ளிவைக்கும் நாமல்லவா? அடுத்த முறை கலியாணப் பேச்சில் அந்தப் பேச்சு எழும்போது, "எங்கள் வீட்டிலும் உண்டு" என்று சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.